மாவு புளிக்கும் நேரமும் 750 கிலோவும்

தென்னாப்பிரிக்காவில் உணவு வண்டி போட நினைக்கும் நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் வண்டியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். விளம்பரத்தில் சிவப்பு டிரெய்லர், பக்கவாட்டில் திறக்கும் கதவு, பளபளக்கும் எஃகு மேடை. வாங்கியாயிற்று. அதன் பிறகுதான் என்ன விற்கலாம் என்ற யோசனை வருகிறது. இது தலைகீழ். எதை விற்கப் போகிறோம் என்பதுதான் எவ்வளவு தண்ணீர், எத்தனை அடுப்பு, எத்தனை சிலிண்டர், எவ்வளவு எடை என்பதையெல்லாம் தீர்மானிக்கும். எடைதான் எந்த ஓட்டுநர் உரிமம் வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். அந்த வரிசையிலேயே போகலாம். அதற்கு முன் ஒரு சங்கடமான விஷயத்தை முடித்துவிடுவோம்.

விசா. கணவர் வேலை விசாவில் வந்திருக்க, கூட வந்த மனைவிக்குக் கிடைக்கும் துணை விசாவில் வேலையும் செய்யக் கூடாது, தொழிலும் நடத்தக் கூடாது. ஜோகன்னஸ்பர்க் ஐடி குடும்பங்களில் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். "சின்ன வண்டிதானே, வார இறுதிதானே" என்ற சமாதானம் சட்டத்தின் முன் நிற்காது. கணவர் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருந்தால், குடியேற்றச் சட்டத்தின் 11(6) பிரிவு விசாவில் தொழில் நடத்தும் அனுமதியைக் கேட்டு எழுதி வாங்கலாம். தனி வணிக விசாவுக்குப் பொதுவிதி 50 லட்சம் ராண்ட் முதலீடு. தோசைக் கடைக்கு அது பொருந்தாத கணக்கு. நிரந்தர வசிப்புரிமை கையில் வந்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. விசாவில் அச்சடித்திருக்கும் வரியைப் படிக்காமல் டிரெய்லருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். 2024 நவம்பரில், உணவு நஞ்சால் குழந்தைகள் இறந்த சம்பவங்களுக்குப் பிறகு, சிறு கடைகளும் உணவு விற்கும் இடங்களும் 21 நாளில் பதிவு செய்ய வேண்டும் என்று ஜனாதிபதி ராமபோசா அறிவித்தார். கெடு பிறகு நீட்டிக்கப்பட்டது. அதன்பின் வெளிநாட்டவர் நடத்தும் கடைகளில் காகிதம் கேட்பது வழக்கமாகிவிட்டது.

இங்கே வடை புதிது இல்லை

"இட்லி என்றால் இவர்களுக்கு என்னவென்றே தெரியாது, நாம் அறிமுகப்படுத்துவோம்" என்று ஆரம்பிப்பவர்கள் டர்பனில் முதல் வாரமே அடி வாங்குவார்கள். 1860 நவம்பர் 16 அன்று மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து இங்கே தமிழ்ச் சமையல் இருக்கிறது. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலமாகிவிட்டது. நாக்கு மாறவில்லை, தன் வழியில் வளர்ந்திருக்கிறது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி வீட்டில் 'வடே' என்றால் பெரும்பாலும் பருப்பு வடை. மாரியம்மனுக்கு ஊற்றும் கூழ் 'சவர் பாரிட்ஜ்'. கறியில் போடும் உருளைக்கிழங்குக்கு 'கிரேவி சோக்கர்' என்று பெயர், குழம்பை உறிஞ்சுவதால். துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய், வினிகர் சேர்ந்த 'சாம்பல்ஸ்' இல்லாமல் தட்டு நிறையாது. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மாமியாரை ஒழிக்கும் பொடி என்ற பெயரிலேயே ஒரு மசாலா விற்கிறது. காரத்தின் அளவு அதிலிருந்தே தெரியும். மருமகள்கள்தான் வாங்குகிறார்களா என்று கேட்கக் கூடாது.

ஆகவே மெனுவில் மூன்று வகை போதும், மூன்றுக்கும் மூன்று வேலை. ஒன்று, காத்திருக்கும் உணவு: பானையில் சூடாக இருந்து, கேட்டவுடன் அள்ளிப் போடக்கூடியது. இரண்டு, எண்ணெயில் ஒரு ஈடுக்குப் பன்னிரண்டு எடுக்கும் வடை. மூன்று, வேடிக்கை பார்க்க ஆளை நிறுத்தும் தோசை. தோசையை மட்டும் நம்பினால் கூட்டத்தில் தோற்பீர்கள். 60 சென்டிமீட்டர் அகலக் கல்லில் ஒரே நேரத்தில் இரண்டு தோசை, ஒவ்வொன்றும் இரண்டரை மூன்று நிமிடம். மசாலா வைப்பது, மடிப்பது, காசு வாங்குவது எல்லாம் சேர்த்தால் மணிக்கு 35, கை பழகினால் 40. வரிசையில் இருபது பேர் நின்றால் கடைசி ஆளுக்கு அரை மணி நேரம். அந்த ஆள் பக்கத்து வண்டிக்குப் போய்விடுவார்.

காத்திருக்கும் உணவாக டர்பனில் பன்னி சௌதான் ராஜா. கால் ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றும் இந்தப் பண்டத்தைப் புதிதாக வந்தவர்கள் சுலபம் என்று நினைக்கிறார்கள். ரொட்டியில்தான் சூட்சுமம். வெட்டாத முழு வெள்ளை ரொட்டி வேண்டும், ஸ்லைஸ் ரொட்டி உதவாது. அடுப்பிலிருந்து வந்த சூட்டோடு வெட்டினால் சுவர் நசுங்கி, குழம்பு அடியில் கசியும். காலையில் சுட்டதை மதியம் வெட்டுவது சரி. குடையும்போது அடியில் ஒரு விரல் கனம் விட வேண்டும், சுவரில் அரை விரல். எடுத்த உள்பகுதி ஒரே துண்டாக வர வேண்டும், அதுதான் மூடி, அதைத் தொட்டுத்தான் சாப்பிட ஆரம்பிப்பார்கள். குழம்பு நீர்க்க இருந்தால் எந்த ரொட்டியும் தாங்காது. கிழங்கில் மூன்றில் ஒரு பங்கைக் கரண்டியால் மசித்துவிட்டால் தானே கெட்டிப்படும்.

சைவப் பன்னிக்கு ராஜ்மா வகையான சுகர் பீன்ஸ். முதல் நாள் இரவே ஊற வேண்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும், புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதித்த பிறகே தீயைக் குறைக்க வேண்டும். மெதுவாக வேகட்டும் என்று தொடக்கத்திலேயே சிறுதீயில் வைத்தால் பீன்ஸில் இருக்கும் நச்சு முழுதாக அழியாது, சாப்பிட்டவருக்கு வயிறு புரட்டும்.

கடல் மட்டத்து மாவு, மேட்டு நிலத்து மாவு

ஒரு கிலோ புழுங்கலரிசிக்கு 250 கிராம் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். இதிலிருந்து ஏறக்குறைய 3 கிலோ மாவு வரும். இட்லிக்கு 50 கிராம், தோசைக்கு 90 கிராம் என்று வைத்தால், நூறு இட்லிக்கும் அறுபது தோசைக்கும் 10.4 கிலோ மாவு. அதாவது மூன்றரை கிலோ அரிசி, 875 கிராம் உளுந்து. இட்லி அரிசி கிடைக்காத வாரம் இங்குள்ள டாஸ்டிக் அரிசியைப் போடலாம், அதுவும் புழுக்கியதுதான். நீள அரிசி என்பதால் இட்லி சற்றே விறைப்பாக வரும், ஒரு பிடி அவல் சேர்த்தால் இளகும். ஊரிலிருந்து கொண்டுவந்த 2 லிட்டர் கிரைண்டர் இங்கே அப்படியே ஓடும், மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் ஒன்றுதான். நம் ஊர்ப் பெரிய 15 ஆம்பியர் பிளக்தான் இங்கும் சுவரில் இருக்கிறது. சின்ன 5 ஆம்பியர் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும். இந்த அளவு மாவுக்கு அந்தக் கிரைண்டரில் நான்கு ஈடு, இரண்டரை மணி நேரம். வண்டிக்குள் அரைக்க நினைக்க வேண்டாம்.

டர்பனில் ஜனவரி மாதம் ஈரக் காற்றோடு வெப்பம் 28, 30 டிகிரி. ஆறேழு மணி நேரத்தில் மாவு பொங்கிவிடும். இரவு பத்துக்கு வெளியே வைத்துவிட்டுக் காலை எட்டுக்குப் பார்த்தால் புளித்து இறங்கியிருக்கும். தோசைக்கு அது பரவாயில்லை, இட்லி கல்லாகும். அங்கே உப்பைக் காலைவரை தள்ளிப்போடாமல் அரைக்கும்போதே போடுவது, முக்கால் பங்கு பொங்கியதும் குளிர்பெட்டிக்குள் தள்ளுவது, இரண்டும் உதவும். ஜோகன்னஸ்பர்க்கில் ஜூலை இரவு உறைநிலையைத் தொடும். மாவு பதினாறு மணி நேரமானாலும் அசையாது. மின்சாரமில்லாத ஐஸ் பெட்டிக்குள் (கூலர் பாக்ஸ்) வெந்நீர் பாட்டில் இரண்டை மாவுப் பாத்திரத்தோடு வைத்து மூடினால் பன்னிரண்டு மணி நேரத்தில் வரும். வெந்நீர் 50 டிகிரி போதும், கொதிநீர் வைத்தால் ஓரத்து மாவு வெந்துவிடும்.

இன்னொன்று பலரைக் குழப்புகிறது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,750 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். டர்பனில் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்த இட்லி அங்கே பதினைந்து கேட்கும். மாவு சரியில்லை என்று உளுந்தைக் கூட்டுவார்கள். மாவில் குறையில்லை, ஆவியில்தான் சூடு குறைவு. பீன்ஸ், துவரம்பருப்பு எல்லாம் அங்கே குக்கரில்தான், வெறும் பானையில் வேகவைத்தால் கேஸ் தீர்ந்துவிடும். ஜெனரேட்டருக்கும் இதே கதி. மெல்லிய காற்றில் இயந்திரம் ஐந்தில் ஒரு பங்கு வரை சக்தி இழக்கும். 5 கேவிஏ என்று எழுதியிருப்பதை 4 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

எடை

இனி வண்டி. சாதாரண கோட் பி உரிமத்தில் காரோ பக்கியோ (பிக்கப் வண்டி) ஓட்டும் ஒருவர் இழுக்கக்கூடிய டிரெய்லரின் மொத்த எடை 750 கிலோ வரை. அதற்கு மேல் போனால் இபி உரிமம் வேண்டும், டிரெய்லருக்கும் தனி பிரேக் வேண்டும். 750 கிலோ எவ்வளவு சீக்கிரம் தீரும் என்று பாருங்கள். வெறும் டிரெய்லர் 450. எஃகு மேடையும் தொட்டிகளும் 60. தோசைக்கல், அடுப்புகள் 55. குளிர்பெட்டி 40. தண்ணீர் 50 லிட்டர், அதாவது 50 கிலோ. முழு 9 கிலோ சிலிண்டர் இரண்டு, இரும்பையும் சேர்த்து 38. மாவு 22. குழம்புப் பானை 25. ஆயிற்று 740. தட்டு, பேட்டரி, எண்ணெய், ரொட்டி எதுவும் இன்னும் ஏறவில்லை. வழி இதுதான்: தண்ணீரை இடத்துக்குப் போய் நிரப்புங்கள், சிலிண்டரையும் ஜெனரேட்டரையும் பக்கியின் திறந்த பின்பகுதியில் நிமிர்த்திக் கட்டிக் கொண்டுபோங்கள். வாங்குவதற்கு முன் ஒரு முறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள், விற்பவர் வாயால் சொல்லும் எடை வேண்டாம்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். கொக்கியில் மொத்த எடையில் 7 முதல் 10 சதவீதம் அழுத்த வேண்டும். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு மேலே இருக்க வேண்டும். அச்சுக்குப் பின்னால், கதவோரமாக வைத்துவிட்டால் கொக்கி தூக்கிக்கொள்ளும். பீட்டர்மரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பனுக்கு என்3 சாலையில் இறங்கும்போது டிரெய்லர் வாலாட்ட ஆரம்பித்தால் கார் அதன் பின்னால் போகும். பாதி நிரம்பிய தொட்டி இன்னும் மோசம், தண்ணீர் உள்ளே அலைமோதும். ஒன்று முழுதாக இருக்கட்டும், அல்லது காலியாக.

டிரெய்லரைக் கட்டியவர் யார்? பதிவு பெற்ற கட்டுநர் என்றால்தான் அரசின் வாகனப் பதிவு அமைப்பான நேடிஸில் பதிவாகி நம்பர் பிளேட் வரும். கொல்லைப்புறப் பட்டறையில் பாதி விலைக்குக் கட்டித் தருவார்கள், வேலையும் சில சமயம் நன்றாகவே இருக்கும், ஆனால் காகிதம் இருக்காது. சாலையில் ஏற்ற முடியாத டிரெய்லர் வெறும் தகரக் கொட்டகை. சீனாவிலிருந்து நேரே இறக்குமதி செய்யும் வண்டிகளிலும் இதே சிக்கல் காத்திருக்கிறது.

டர்பன் கடற்காற்றில் உப்பு. வண்டி வாங்கும்போது மேலே பளபளப்பைப் பார்க்காமல் கீழே குனிந்து சேசிஸைப் பாருங்கள். வெறும் பெயின்ட் அடித்த இரும்பு இரண்டு வருடத்தில் உரியும். உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது நிற்கும். எஃகுத் தகட்டை அலுமினிய ரிவெட்டால் அடித்திருந்தால் வேண்டாம். உப்பு ஈரத்தில் இரண்டு உலோகமும் சேர, ரிவெட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், பிறகு தலை உதிரும். அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் தரைப் பலகைக்குள் இறங்கும். தரை மெத்தென்று அமுங்கும் நாளில்தான் தெரியவரும்.

தண்ணீர், கேஸ், சான்றிதழ்

உணவுச் சுகாதாரத்துக்கான 2018-இன் ஆர்638 விதிகள்தான் இங்கே வேதம். உணவு கையாளும் இடம் என்றால் அதில் வண்டியும் கேரவனும் அடங்கும். நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் வந்து பார்த்து ஏற்புச் சான்றிதழ் தர வேண்டும், அதை இன்னொருவர் பெயருக்கு மாற்ற முடியாது. பழைய வண்டியை வாங்கினால் பழைய முதலாளியின் சான்றிதழ் உங்களுக்கு உதவாது. வீட்டில் மாவரைத்து, குழம்பு வைத்துக் கொண்டுவருகிறீர்கள் என்றால் அந்தச் சமையலறைக்கும் சான்றிதழ் வேண்டும். இதைப் பலரும் கடைசியில்தான் கேள்விப்படுகிறார்கள். இதோடு 1991-இன் வணிகச் சட்டத்தின்படி சமைத்த உணவு விற்க நகராட்சி உரிமம் தனி.

ஆய்வாளர் முதலில் பார்ப்பது கை கழுவும் தொட்டி. பாத்திரம் கழுவுவதற்கு வேறு, கைக்கு வேறு, வெந்நீர் வர வேண்டும். கழிவுநீர்த் தொட்டி நல்ல தண்ணீர்த் தொட்டியைவிடப் பெரியதாக இருக்கட்டும். 50 லிட்டர் உள்ளே போனால் அரிசி கழுவியது, ஐஸ் உருகியது எல்லாம் சேர்ந்து 60 வெளியே வரும். நிரம்பியதும் தெருவோர மழைநீர் வாய்க்காலில் திறந்துவிடுவது குற்றம். டர்பனில் அந்த நீர் சுத்திகரிக்கப்படாமல் கடலுக்குத்தான் போகும். குழம்பு 60 டிகிரிக்கு மேலே, சட்னி 5 டிகிரிக்குக் கீழே. தேங்காய்ச் சட்னிதான் இதில் எமன். பகல் பதினொன்றுக்கு மேடையில் வைத்தால் ஒன்றரைக்கு நூல்விடும். அரை லிட்டர் டப்பாக்களில் பிரித்து, ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததை வெளியே எடுங்கள்.

கேஸ் விஷயத்தில் சிக்கனம் வேண்டவே வேண்டாம். சிலிண்டர் வண்டிக்கு வெளியே, முன் தண்டின் மேல் கூண்டில். உள்ளே வருவது செம்புக் குழாய், ரப்பர் குழாய் கடைசி ஒரு முழத்துக்கு மட்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும், ஆகவே துளைகள் தரை மட்டத்தில் வேண்டும். ஜன்னல் திறந்திருக்கிறதே என்பது பதில் இல்லை. தீ அணைந்தால் தானே கேஸை நிறுத்தும் பாதுகாப்பு ஒவ்வொரு அடுப்பிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் கடற்கரைக் காற்று சுடரை ஊதி அணைத்துவிடும், நீங்கள் கல்லாவில் நிற்பீர்கள். கேஸ் பொருத்துநர்களைப் பதிவு செய்யும் எஸ்ஏகியூசிசி கேஸ் அமைப்பில் பதிவு பெற்றவர் பொருத்தி, இணக்கச் சான்றிதழ் எழுதித் தர வேண்டும். எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. தீப்போர்வை கைக்கெட்டும் சுவரில் தொங்கட்டும், சட்டிக்கு மேலே அல்ல.

ஜோகன்னஸ்பர்க் குளிர்காலக் காலையில் சிலிண்டர் பாதி இருக்கும்போதே சுடர் சுருங்கினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். மூன்று அடுப்பும் ஒன்றாக இழுக்கும்போது உள்ளே திரவம் ஆவியாகும் வேகம் போதவில்லை, சிலிண்டரின் அடிப்பகுதியில் வெண்பனி பூத்திருப்பதைப் பார்க்கலாம். இரண்டு சிலிண்டரை இணையாகப் பொருத்தினால் சரியாகும். வெந்நீர் ஊற்றுவது, ஹீட்டர் காட்டுவது எல்லாம் உயிரோடு விளையாட்டு.

எண்ணெய் வேறா?

"ஆன்ட்டி, இந்த வடே தனி எண்ணெயா?" என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டால், அந்த ஒரு கேள்விக்குள் பெரிய சந்தை இருக்கிறது. புரட்டாசி மாதத்தை இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நாம் நினைப்பதைவிடக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கின்றன. மாதம் முழுக்கக் கறி தொடாத வீடுகள் ஏராளம். மீன் பொரித்த சட்டியில் வடை போட்டு அவர்களிடம் சைவம் என்று விற்றால் ஒரு மாதத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். சின்ன வண்டியில் இரண்டு சட்டி, இரண்டு கரண்டி, இரண்டு பலகை வைக்க இடமில்லை என்றால் முழுச் சைவமாகவே நடத்துங்கள். என்னைக் கேட்டால் அதுதான் புத்திசாலித்தனம். சான்றிதழும் சுலபம், குளிர்பெட்டியும் சின்னது போதும், முஸ்லிம் வாடிக்கையாளர்களும் தயங்காமல் வருவார்கள்.

இடங்களைப் பொறுத்தவரை சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட்டில் வெள்ளி, சனி கூட்டம். ஈஸ்டர் சமயத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோயில்களில் திரளும் ஜனம். ஜோகன்னஸ்பர்க்கில் மெல்ரோஸ் கோயில் காவடி. கோயில் வாசலில் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது, நிர்வாகத்திடம் பல மாதம் முன்பே பேச வேண்டும். பல இடங்களில் அன்னதானம் நடக்கும், அன்று இட்லி போணியாகாது, டீயும் வடையும் போகும்.

பணக் கணக்கை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம், விலைகளை உங்கள் பகுதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பீன்ஸ் கால் பன்னி 45 ராண்ட். ரொட்டி 5, குழம்பு 9, சாம்பல்ஸ் 2, பொட்டலம் 2, ஆக 18. கார்டு இயந்திரத்துக்கு மூன்று சதவீதம், ஒன்றே முக்கால் ராண்டுக்குள். மிஞ்சுவது 25 சொச்சம். அன்றைய நிலையான செலவு: இட வாடகை 600, பெட்ரோல் 250, கேஸ் 100, உதவியாளருக்கு எட்டு மணி நேரம் 230 சொச்சம். இது 2025 மார்ச்சில் சட்டப்படிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்டாக இருந்தபோது போட்ட கணக்கு, இப்போதைய அளவைப் பாருங்கள், அதற்குக் கீழே போகக் கூடாது. மொத்தம் 1,180. நாற்பத்தாறு பன்னி விற்றால் கணக்கு நேராகும். நாற்பத்தேழாவதில்தான் உங்கள் சம்பளம் ஆரம்பம், மாவரைத்த நேரத்துக்கும் சேர்த்து. இட வாடகையைப் பேசும்போது இந்த எண் மனதில் இருக்கட்டும். 600 என்பதை 900 ஆக்கினால் பன்னிரண்டு பன்னி கூடுதலாக விற்றாக வேண்டும்.

உதவியாளராக ஒரு ஜூலு பெண் இருந்தால் பாதி வியாபாரம் அவர் வாயாலேயே நடக்கும். "சாவுபோனா" என்று ஒரு வணக்கம் நீங்களும் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். அவருக்கு வேலையின்மைக் காப்பீடு பதிவு செய்ய வேண்டும், சம்பளத்தில் நீங்கள் ஒரு சதவீதம், அவர் ஒரு சதவீதம்.

இரவு மூடும்போது அடுப்புத் திருகை முதலில் மூடாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள், குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் எரிந்து சுடர் தானாக அணையட்டும், பிறகு திருகுகள். கல் சூடாக இருக்கும்போதே தேய்த்து எண்ணெய் தடவ வேண்டும், டர்பனில் ஒரு ராத்திரி விட்டால் காலையில் துரு. கழிவுநீரைச் சாக்கடைக் குழாயில் இறக்கி, தொட்டியை ஒரு முறை அலசி, மூடியைத் திறந்து வையுங்கள். மீந்த சட்னி குப்பைக்கு, மீந்த மாவு குளிர்பெட்டிக்கு. நாளைக்கு வியாபாரம் உண்டென்றால் சுகர் பீன்ஸை இப்போதே ஊறப்போட வேண்டும்.